சாமுராய் வீட்டுக் குடை

மகனே,

நீ போன் எடுக்கிறாய் இல்லை. எடுத்தாலும் "வேலையா நிக்கிறன் அம்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். உறைக்குள் போட்டு உனக்கு மட்டும் அனுப்பலாம்தான். ஆனால் இதை எங்கள் சங்கத்து ஆண்டு மலரில் போடச் சொல்லிக் கொடுக்கப் போகிறேன். சனம் என்ன நினைக்கும் என்று உன் அப்பா கேட்டார். சனத்துக்கு நடுவில் நின்று கதைத்ததை அறைக்குள் இருந்து திருப்பி எடுக்க ஏலாது என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இத்தனை வருடம் அவரோடு குடும்பம் நடத்தியவளுக்கு அதன் பொருள் தெரியும். சரி என்கிறார்.

வாசிக்கிற மற்றவர்களுக்காக உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். நீ டுசெல்டோர்பில் வேலைக்குப் போன இடத்தில் ஹருகாவைக் கண்டாய். ஜப்பான் பிள்ளை, அங்கேயே வளர்ந்தவள், எங்களைவிட நல்ல ஜெர்மன் கதைப்பாள். முதல்முறை பீலெஃபெல்டில் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தபோது நான் வைத்த நண்டுக் குழம்பைக் கையால் சாப்பிட்டுவிட்டு, கண்ணில் நீர் வழிய இன்னும் கொஞ்சம் கேட்டாள். எனக்கு அன்றைக்கே பிடித்துவிட்டது. ஆனால் மகனே, எனக்குப் பிடித்தால் போதுமா? லண்டனில் உன் மாமி இருக்கிறா, பாரிசில் சித்தப்பா இருக்கிறார், கனடாவில் ஒரு ஊரே இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "எப்பிடி ஆக்கள்?" நல்ல ஆட்களா என்று அவர்கள் கேட்கவில்லை. என்ன சாதி என்று கேட்கிறார்கள். எங்கள் சனம் அந்தச் சொல்லை வாயால் சொல்லாது. எந்த ஊர், எந்தப் பக்கம், கோயிலுக்குக் கிட்டவோ எட்டவோ என்று சுற்றிச் சுற்றி வந்து கண்டுபிடித்துவிடும். ஜப்பான்காரிக்கு எந்தக் கோயிலைக் கேட்பது? எல்லோரும் திணறிப் போனார்கள். நானும்தான் திணறினேன்.

அந்த நேரத்தில்தான் நீ தேத்தண்ணீர் குடித்தபடி சிரித்துக்கொண்டு சொன்னாய், ஹருகாவின் அப்பா வழியில் பழைய காலத்துச் சாமுராய்கள் இருந்திருக்கிறார்களாம் என்று. "எல்லாத்திலும் கீழ்ப்பட்ட சாமுராய்" என்றுதான் ஹருகா திருத்தினாள். எனக்கு அந்த முதல் சொற்கள் காதில் விழவில்லை. சாமுராய் மட்டும் விழுந்தது. சனத்துக்குக் கொடுக்க ஒரு பதில் கிடைத்துவிட்டது என்று நெஞ்சு குளிர்ந்தது.

அடுத்த கிழமையே நகர நூலகத்துக்குப் போனேன். பெரியவர்களுக்கான புத்தகம் எடுத்தால் எனக்கு விளங்காது என்று சிறுவர் பகுதியில், படம் போட்ட தடிப் புத்தகமாகப் பார்த்து எடுத்தேன். நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் இடைவேளைக்கு நான் அதை விரித்து வைத்திருப்பதைப் பார்த்து, நான் குளிக்க வார்க்கிற கிழவர்களில் ஒருவர், எந்தப் பேரப்பிள்ளைக்கு என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன்.

நல்ல கதைகள் மகனே. சாமுராய் என்றால் வாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். தொடக்கத்தில் அவர்கள் குதிரையில் இருந்து வில் வளைத்தவர்களாம். பெரிய இடத்து நிலபுலன்களுக்குக் காவல் நின்றவர்கள். அந்தப் பெயருக்கே பக்கத்தில் நின்று பணி செய்கிறவன் என்றுதான் பொருளாம். பிறகு ஈட்டி வந்தது, வளைந்த வாள் வந்தது, கடல் தாண்டித் துவக்கும் வெடிமருந்தும் வந்தது. காவல் நின்றவர்களே கடைசியில் நாட்டை ஆளத் தொடங்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு இருநூறு வருடங்களுக்கும் மேலாகச் சண்டையே இல்லை. எனக்குப் புதினமாகப் பட்டது இந்த இடம்தான். சண்டை நடந்த காலத்தில் ஆயுதம் யார் கையிலும் இருந்திருக்கிறது, வயல் உழுகிற கமக்காரன்கூட வைத்திருந்திருக்கிறான். பிறகு அவனிடமிருந்ததைப் பறித்துவிட்டார்கள். இடுப்பில் நீட்டாக ஒன்று, கட்டையாக ஒன்று என்று இரண்டு வாள் செருகிக்கொண்டு தெருவில் போகிற உரிமை சாமுராய்க்கு மட்டும். அவனுக்குக் கீழே கமக்காரன், பிறகு கைவேலைக்காரன், அதற்கும் கீழே வியாபாரி. வெட்டுவதற்கு ஆளே இல்லாத காலத்தில்தான் வாளுக்கு அவ்வளவு மரியாதை. யார் ஒதுங்க வேண்டும், யார் நடுவால் போகலாம் என்று தூரத்திலேயே தெரிந்துகொள்ள அது உதவியது.

பெண்களைப் பற்றியும் ஒரு பக்கம் இருந்தது. நீண்ட தடியின் நுனியில் வளைந்த அலகு பூட்டிய ஓர் ஆயுதம். ஆண்கள் வெளியே போனால் வீட்டைக் காக்க அந்த வீட்டுப் பெண்கள் அதைப் பழகியிருக்கிறார்கள். நானும் ஒன்று வாங்கிக் கதவுக்கு மேலே மாட்டப் போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். "உனக்கேன் அது, வாய் இருக்கே" என்றார். சிரித்தேன். அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்று ஆனி மாதத்தில் விளங்கியது.

ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேர் அன்றைக்குக் காலையிலேயே வானம் இருட்டிக்கொண்டு நின்றது. தேர் சுற்றி வந்து இருப்புக்கு வருகிற நேரம் மழை கொட்டியது. எல்லோரும் கிடைத்த குடைக்குள் ஒதுங்கினோம். நான் பரமேஸ் அக்காவின் குடைக்குள் நின்றேன். வாசிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், பரமேஸ் அக்கா என் சொந்தமில்லை. நாங்கள் ஜெர்மனிக்கு வந்த புதிதில் அகதிகள் விடுதியில் பக்கத்து அறையில் இருந்தவ. நான் விடியவே வேலைக்கு ஓட, உனக்குச் சப்பாத்து மாட்டிக் கிண்டர்கார்டனுக்குக் கூட்டிப் போனது அவ. உன் முதல் பல் விழுந்தபோது நான் வேலையில் நின்றேன். பல்லை வாங்கிப் பத்திரப்படுத்தியது அவ. நீ அவவைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாய். அவவின் ஊர் எது, எந்தப் பக்கம் என்று எனக்கு முதல் மாதத்திலேயே தெரியும். எங்கள் சாதி அவவின் சாதியைப் படலைக்கு வெளியே நிறுத்தி வைத்த சாதி. நாங்கள் இரண்டு பேரும் அதை ஒருநாளும் கதைத்ததில்லை. ஒரு பானையில் சமைத்துச் சாப்பிட்டோம், அதோடு அது முடிந்துவிட்டது என்று நான் நினைத்திருந்தேன்.

லண்டனில் இருந்து தேருக்கு வந்த உன் மாமி எங்களுக்கு முன்னால் வந்து நின்றா. அந்தச் சத்தத்துக்குள்ளும் அவவுக்கு அதே கேள்விதான்.

"பொம்பிளை வீட்டார் எப்பிடி ஆக்கள் மச்சாள்?"

நான் எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் தெரியுமா? "சாமுராய் பகுதி. வீட்டிலை வாளெல்லாம் இருக்கு. அங்கையும் எங்கடை ஆக்கள் மாதிரித்தான், கண்ட நிண்டதுகள் இல்லை" என்றேன்.

பரமேஸ் அக்கா என் பக்கம் திரும்பினா. குடையின் பிடியை என் கைக்குள் வைத்தா. விரல்களை ஒவ்வொன்றாக மூடி, நான் இறுக்கிப் பிடித்துவிட்டேனா என்று பார்த்தா. பிறகு மழைக்குள் இறங்கிப் போய்விட்டா. அவவின் சேலை முதுகோடு ஒட்டிக்கொண்டதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் பார்த்தால் நீ நிற்கிறாய். உன் முகத்தைப் பார்த்ததும் நீ எல்லாவற்றையும் கேட்டுவிட்டாய் என்று தெரிந்தது. கார் நிற்கிற இடத்தில் வைத்து நீ சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"பெரியம்மா வராத கலியாணத்துக்கு நீங்களும் வர வேண்டாம் அம்மா."

அவ்வளவுதான் சொன்னாய். ஐப்பசியில் கலியாணம். மண்டபம் எடுத்தாயிற்று, ஐயருக்குச் சொல்லியாயிற்று, மணவறை போடுகிறவர்களைச் சந்திக்க நாள் குறித்து டெர்மின்கூட வைத்தாயிற்று. பரமேஸ் அக்கா என் போனை எடுக்கவில்லை, நீயும் எடுக்கவில்லை. பெற்ற பிள்ளையின் கலியாணத்தன்று நான் பீலெஃபெல்டில் யன்னலோரம் இருந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்ற நினைப்பு வந்தால் எழும்பிப் போய்த் துடைத்த பாத்திரத்தையே திரும்பத் துடைப்பேன். முதலில் உன்மேல் கோபம்தான் வந்தது, அதையும் மறைக்கவில்லை. நான் என்ன கொலையா செய்தேன், எல்லோரும் கதைக்கிறதுதானே என்று அப்பாவிடம் கத்தினேன். அவர் கண்ணாடியைத் துடைக்கவில்லை. எழும்பிப் போய்விட்டார்.

சடங்கு விபரங்கள் கதைக்க ஹருகாவின் வீட்டுக்குப் போவதாக முன்பே சொல்லியிருந்தோம். நீ வரமாட்டேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாய். நானும் அப்பாவும் ரெயில் ஏறினோம். ஹருகாவின் அம்மா இன்னும் வேலையால் திரும்பி வரவில்லை, அப்பாதான் இருந்தார். ஒல்லியான மனிதர், இடுப்பில் ஏப்ரன் கட்டிக்கொண்டு கதவைத் திறந்தார். அவருடைய ஜெர்மனும் என்னுடையதும் ஒரே தரம்தான் என்பதால் எங்களுக்குக் கதைக்க லேசாக இருந்தது. எனக்கு மனதுக்குள் ஒரு நச்சரிப்பு. வாள் இருக்கிறது என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேனே, அதைக் கண்ணாலாவது பார்த்துவிட வேண்டும். வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

அவர் உள்ளே போய், உள்ளங்கை அளவில் ஓர் இரும்பு வளையத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். வாளின் பிடிக்கும் அலகுக்கும் நடுவில், கை வழுக்கி அலகில் படாமல் தடுக்கிற தகடு அது. மிச்சம் எங்கே என்றேன். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஆயுதங்களைக் கேட்டபோது அவருடைய அப்பாவின் அப்பா வாளைக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டாராம். இதை மட்டும் கழற்றி வைத்திருக்கிறார்கள். "காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறேன். மின்சாரக் கட்டணக் கடிதங்களுக்கு நல்ல பாரம்" என்றார் அவர்.

பிறகுதான் கதையைச் சொன்னார். அவர்களுடைய மூதாதையர் ஒரு கோட்டை நகரத்தில் கடைசிப் படியில் இருந்த சாமுராய்கள். சம்பளமாக வருகிற அரிசி குடும்பத்துக்குக் காணாது. அதனால் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்து குடை செய்திருக்கிறார்கள். மூங்கிலைக் கீறி, கடதாசி ஒட்டி, மழை புகாமல் எண்ணெய் பூசுவது. ஆணும் பெண்ணும் கிழடும் குஞ்சும் எல்லோரும் ஒட்டினார்கள். பின்கதவால் வியாபாரி வந்து வாங்கிப் போவான். அவன் தங்களுக்குக் கீழ் என்பதால் முன்கதவால் அவனை உள்ளே எடுக்க முடியாது. குடை ஒட்டிய கையைக் கழுவிவிட்டு, இடுப்பில் இரண்டு வாளையும் செருகிக்கொண்டு முன்கதவால் வெளியே போவார்கள். ஒரு காலம் வந்தது. சாமுராய் என்ற வகையே இனி இல்லை, வாள் கட்டிக்கொண்டு யாரும் நடக்கக் கூடாது என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. பெரிய சாமுராய்கள் சிலர் கடை போட்டு, வாங்கவந்தவனுக்குத் தலை குனியத் தெரியாமல் நொடித்துப் போனார்களாம். "எங்களுக்குக் குடை செய்யத் தெரிந்திருந்தது. வாள் எங்களுக்கு ஒருநாளும் சோறு போடவில்லை" என்றார்.

எனக்கு ஒரு கேள்வி வந்தது, ஏன் வந்தது என்று தெரியாது. புத்தகத்தில் கவசங்களின் படம் பார்த்திருந்தேன், அதில் நிறையத் தோல் இருந்தது. அந்தத் தோலை யார் பதனிட்டார்கள் என்று கேட்டேன்.

அவர் என் கோப்பையைத் தன் பக்கம் இழுத்தார். தேத்தண்ணீரை ஊற்றினார். "அவர்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள்" என்றார் பிறகு. நாலு படிக்கும் கீழே, படியே கொடுக்காமல் வைக்கப்பட்டவர்கள். அவர்கள் தோல் இல்லாமல் சாமுராய்க்குக் கவசம் இல்லை, ஆனால் அவர்கள் தொட்ட கிண்ணத்தில் சாமுராய் குடிக்கமாட்டான். சட்டம் மாறி எவ்வளவோ காலமாகியும், இன்றைக்கும் கலியாணம் பேசினால் மற்ற வீட்டாரின் பழைய முகவரியை ஆள் வைத்து இரகசியமாக விசாரிக்கிறவர்கள் இருக்கிறார்களாம். "உங்கள் நாட்டில் அப்படி எதுவும் இருக்காது என்று நினைக்கிறேன்" என்றார்.

நான் உன் அப்பாவைப் பார்த்தேன். அவர் தன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கு" என்றேன். "நானே விசாரிக்கிற ஆள்தான்."

எங்கள் கதையை அந்த மனிதருக்கு முழுதாகச் சொன்னேன். தேர், மழை, பரமேஸ் அக்கா, உன் கோபம் எல்லாம். அவர் என்னைத் திட்டவுமில்லை, ஆறுதல் சொல்லவுமில்லை. போகும்போது ஒரு நீண்ட பொதியைத் தந்தார். உள்ளே எண்ணெய் மணக்கிற ஒரு கடதாசிக் குடை. மூதாதையர் செய்ததோ என்று கேட்டேன். இல்லை, போன வருடம் ஊருக்குப் போனபோது கடையில் வாங்கியது என்றார். பொய் சொல்லத் தெரியாத சம்பந்தி கிடைத்திருக்கிறார் மகனே, உனக்கு நல்ல காலம்.

ரெயிலில் அந்தக் குடையை மடியில் வைத்துக்கொண்டு வந்தபோதுதான் எனக்கு ஓர் ஆள் நினைவுக்கு வந்தார். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஊரில் எங்கள் வீட்டுக்கு முன்னால் போகிற ஒழுங்கையால் வேலைக்குப் போய் வருவார். மாரி மழையில் தெப்பமாக நனைந்துகொண்டு, கக்கத்தில் மடக்கிய குடையோடு போவார். கையில் குடை இருந்தும் நனைகிற மனிதரைப் பார்த்து, குடை உடைந்துவிட்டதாக்கும் என்று நான் நினைத்தேன். எங்கள் ஆட்களின் வீடுகளுக்கு முன்னால் அவருடைய ஆட்கள் குடை விரிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது என்று வைத்திருந்தார்கள். எங்களிடம் வாள் இருக்கவில்லை. மழைக்குப் பிடிக்கிற குடையை வைத்தே நாங்கள் அந்த மேல்கீழைக் காட்டிவிட்டோம்.

மறுநாள் அந்தக் குடைப் பொதியையும் தூக்கிக்கொண்டு, போன் பண்ணாமல் நேரே பரமேஸ் அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தா. "வாரும்" என்றா. உள்ளே போய்க் கேத்தலை வைத்தா. நான் இருக்கவில்லை, நின்றுகொண்டே சொன்னேன்.

"அக்கா, அண்டைக்கு நான் கதைச்சது பிழை."

"எது பிழை? கதைச்சதோ, நான் பக்கத்திலை நிண்டதோ?"

நான் குடைப் பொதியை மற்றக் கைக்கு மாற்றினேன்.

"நான் நிக்கேக்கை கதைச்சதுதான் பிழையெண்டால், நான் இல்லாத இடத்திலை கதைக்கிறது சரியெண்டெல்லோ வரும்" என்றா. கோபமில்லாமல்தான் சொன்னா. தேத்தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தா, எனக்குச் சீனி போடாமல். எனக்குச் சலரோகம் என்பதை அந்த நேரத்திலும் மறக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒழுங்கையில் நனைந்த அந்த மனிதரைப் பற்றிச் சொன்னேன். அவ கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் தன் தகப்பனைப் பற்றிச் சொன்னா: "என்ரை ஐயாவும் குடை வைச்சிருந்தவர். எங்கடை ஒழுங்கைக்குள்ளை விரிப்பார். உங்கடை ஆக்களின்ரை ஒழுங்கை வந்தால் மடக்குவார். வீட்டை வந்து எங்களோடை பகிடி விடுவார், குடை நனையாமல் காப்பாத்திக் கொண்டந்திட்டன் பாருங்கோ எண்டு. நாங்களும் சிரிப்பம்."

மகனே, மாப்பிள்ளை குடைக்குக் கீழேதான் மணவறைக்கு வருவான் என்பது உனக்குத் தெரியும். குஞ்சம் தொங்கும் சிவப்புக் குடை ஒன்றை மணவறைக்காரர் கொண்டுவருவார்கள். அது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்தக் கடதாசிக் குடை போதும். நான் பரமேஸ் அக்காவிடம் கேட்டது இதுதான்: மண்டப வாசலில் இருந்து மணவறை வரைக்கும் நீங்கள் பிள்ளையோடு குடைக்குக் கீழே நடந்து வாங்கோ. குடையை நான் பிடிக்கிறேன்.

"விசர்க்கதை கதையாதையும். உம்மடை மச்சாள் லண்டனிலை இருந்து வந்து நிப்பா" என்றா.

"அவ பாக்கத்தான் பிடிக்கிறன்."

"சனம் கதைக்கும்."

"கதைக்கட்டும் அக்கா. நான் கதைக்காததே?"

இதையெல்லாம் எழுதி மலரில் போடலாமோ என்றும் கேட்டேன், ஏனென்றால் இது அவவின் கதையும்தான். "பேரைப் போடும். ஒளிக்க நான் என்ன களவோ எடுத்தனான்?" என்றா. கலியாணத்துக்கு வருவதைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

உனக்குப் புத்தி சொல்ல இந்த நேரத்தில் எனக்கு என்ன தகுதி? ஆனாலும் தாய் வாய் சும்மா இருக்காது. நாளைக்கு உனக்கும் ஹருகாவுக்கும் ஒரு பிள்ளை பிறக்கும். அதற்கு இந்தப் பக்கத்துப் பெருமையையும் சொல்ல ஆள் இருக்கும், அந்தப் பக்கத்துப் பெருமையையும் சொல்ல ஆள் இருக்கும். நீ குடை ஒட்டின கதையைச் சொல்லு. குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நனைந்த மனிதரின் கதையையும் சொல்லு, அவரை மடக்க வைத்தது யார் என்பதையும் மறைக்காதே. யாராவது "எப்பிடி ஆக்கள்" என்று கேட்டால், நண்டுக் குழம்பு இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற ஆட்கள் என்று சொல்லு. உனக்கு என்மேல் வந்த கோபம் சரியான கோபம். அந்தக் கோபத்தை உனக்குள் வளர்த்தது பரமேஸ் அக்கா கையால் தின்ற சோறு என்று நினைக்கிறேன். அதற்காக அவவுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

மற்றதையும் சொல்லி முடிக்கிறேன். நான் போக எழும்பியபோது அவ குடைப் பொதியைக் காட்டி, "அதைத்தான் பிடிக்கப் போறீரோ, விரியும் பாப்பம்" என்றா. அவவின் வரவேற்பறை நடுவில் விரித்தேன். எண்ணெய் மணம் வீடு முழுக்கப் பரவியது. "நீர் கட்டை. என்ரை தலையிலை இடிக்கும்" என்றா. நான் குதிக்காலை உயர்த்தினேன். அவ கதிரையைத் தள்ளிவிட்டு, சேலைத் தலைப்பைச் சரிசெய்து, நிமிர்ந்து குடைக்குக் கீழே வந்து நின்றா. மேலே அண்ணாந்து பார்த்தா.

"இன்னும் கொஞ்சம் உயத்தும்" என்றா.

உயர்த்தினேன் மகனே. கை இன்றைக்கும் உளைகிறது. ஐப்பசிக்குள் பழகிவிடுவேன். நீ போனை எடு.

உன் அம்மா